மொக்கையின் பால்பற்கள்

ஜூலை 3, திங்கள்

மேடம் நேற்று விமானம் ஏறிவிட்டார். மெல்போர்னில் மகளுக்குப் பிரசவம். திரும்பி வர மூன்று மாதம் ஆகும். கிளம்பும்போது என்னிடம் இரண்டு நோட்டு கொடுத்தார். ஒன்றில் மோக்கா என்ன தின்றது, எத்தனை முறை வெளிக்குப் போனது, எந்தப் பல் விழுந்தது என்று தினமும் எழுத வேண்டும். இன்னொன்று, அது தீர்ந்தால் எழுத. ஒரு நாயைப் பற்றி மூன்று மாதத்தில் இருநூறு பக்கம் எழுத எவனாலும் ஆகாது. அதனால் இரண்டாவது நோட்டை நான் எடுத்துக்கொண்டேன்.

மோக்கா மூன்றரை மாத லாப்ரடார் குட்டி. காபிக்கொட்டை நிறம். நான் மொக்கை என்று கூப்பிடுகிறேன். அதற்கும் வாலை ஆட்டுகிறது, மானம் ரோஷம் எதுவும் கிடையாது.

ஹால், சமையலறை, பின் வராந்தா மூன்றிலும் கேமரா. அதிலேயே பேசும் வசதியும் உண்டு. இன்று காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கூரையிலிருந்து, "தனசீலன், அவன் வாயில என்ன?" என்று குரல் வந்தது. பிரஷ்ஷை விழுங்கப் பார்த்தேன். அவன் வாயில் இருந்தது என் செருப்பு.

குட்டியை அரை மணி நேரம்கூடத் தனியாக விடக்கூடாது என்பது உத்தரவு. கடைக்குப் போனாலும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஏற்காடு ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் மேலே இந்த வீடு. சுற்றிலும் காபித் தோட்டம், மழை, மூடுபனி. இங்கிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம், இருபது கொண்டை ஊசி வளைவு. நான் கீழே இறங்கி நாலு வருடம் ஆகிறது. கேட் சாவி என் இடுப்பில்தான் தொங்குகிறது. சும்மா எழுதி வைக்கிறேன்.

ஜூலை 5, புதன்

இதுவரை கடித்தவை: என் செருப்பு இரண்டு, சோபாவின் ஒரு கால், விளக்குமாறு, சார்ஜர் ஒயர் (நல்ல வேளை, சுவிட்சை அணைத்திருந்தேன்), மேடத்தின் யோகா பாய், என் கட்டைவிரல். பால்பல் ஊசி மாதிரி இறங்குகிறது.

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். அந்த நாயைப் பார்த்துக்கொள்கிறவனின் நிலைமையை யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஜூலை 6, வியாழன்

வளர்மதி போன் செய்தாள். என் தங்கை. சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறாள். எனக்கு உடன்பிறந்தது அவள் ஒருத்திதான்.

"அண்ணா, ஆவணி பொறந்ததும் சாதனாவுக்குக் காது குத்தலாம்னு இருக்கோம். ஆகஸ்ட் இருபது, ஞாயித்துக்கிழம. நீ வரணும்."

"இங்க நாய்க்குட்டி இருக்குது வளரு. விட்டுட்டு வர முடியாது."

"தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்தணும். உனக்குத் தெரியாதா?"

"ஒண்ணுவிட்ட அண்ணன் மணிவேல் இருக்கான்ல. அவனும் மாமன்தான்."

"எங்க மாமியாளும் அதையேதான் சொல்றாங்க. நீ வரலைன்னா நான் காது குத்தல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிவாதம் அதிகம்.

சாதனாவுக்குப் பத்து மாதம். நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

ஜூலை 9, ஞாயிறு

மேடம் ஆன்லைனில் போட்ட பெட்டி வந்தது. நாய் கடிப்பதற்கென்றே விற்கும் பொம்மைகள், மொத்தம் ஒன்பது. பிரித்து மேஜையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

நான் பதினாறு வருடம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவன். சங்கிலியில் சலங்கையை வளையம் கோத்துப் பற்றவைப்பதுதான் என் பங்கு. பற்றவைத்ததும் ஒவ்வொரு சலங்கையையும் குறட்டால் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். நூறு சலங்கை என்றால் நூறு இழுப்பு. கையில் அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது.

கரடி பொம்மையின் கண் இரண்டாவது இழுப்பில் கழன்று வந்தது. வாத்து பொம்மையை அமுக்கினால் கத்துகிறது. வயிற்றைக் கீறிப் பார்த்தால் உள்ளே சுண்டுவிரல் நுனியளவு பிளாஸ்டிக் ஊதல், நேராகத் தொண்டைக்குப் போகும். கயிற்று முடிச்சிலிருந்து நூல் பிரிந்து வருகிறது. தோலில் செய்த எலும்பு ஒன்று, ஊறினால் கொழகொழவென்று ஆகி முடிச்சு தனியே கழலும். ஒரு சின்னப் பந்து அவன் வாய்க்குள் முழுதாக அடங்குகிறது. மணி வைத்த ரப்பர் வளையம் ஒன்று. அதை மட்டும் இழுத்துப் பார்க்கவில்லை. அப்படியே குப்பையில் போட்டேன்.

"தனசீலன், அதெல்லாம் எவ்ளோ தேடிப் புடிச்சு வாங்குனேன் தெரியுமா?" என்று கூரை கேட்டது.

"தெரியும் மேடம். நல்லாத்தான் இருக்குது. மேல எடுத்து வெக்கிறேன்."

தப்பித்தது ஒரு கனமான ரப்பர் பொம்மை மட்டும். மற்றதை எல்லாம் அலமாரி மேல் ஏற்றிவிட்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

மழை. ரப்பரில் ஒரு ஓரம் பிசிறு தட்டியிருந்தது. அதையும் மேலே ஏற்றிவிட்டேன்.

ஜூலை 14, வெள்ளி

வளர்மதி வீடியோ காலில் வந்தாள். எடுத்தவுடன் குழந்தையைக் காட்டினாள். கீழே இரண்டு, மேலே இரண்டு பல். போனைப் பிடுங்கிக் கடிக்க வந்தது. மொக்கையும் இந்தப் பக்கம் என் கையைக் கடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம்.

"மாமாவப் பாரு, மாமாவப் பாரு" என்றாள் வளர்மதி. குழந்தை பார்த்தது. அவள் அக்கா இனியாவின் அதே நெற்றி.

சிக்னல் போய்விட்டது என்று சொல்லிப் போனைக் கவிழ்த்து வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 18, செவ்வாய்

தரைவிரிப்பைச் சுருட்டி வைத்தேன். திரைச்சீலைகளை மேலே தூக்கிக் கட்டினேன். செடித் தொட்டிகள் வெளியே. நாற்காலிகள் மாடியில். ஹால் இப்போது கல்யாணம் முடிந்த மண்டபம் போலக் காலியாக இருக்கிறது. நடுவில் மொக்கையும் நானும்.

கடிக்க எதுவும் இல்லை. இனி ஒரு பயமும் இல்லை.

ஜூலை 22, சனி

சுவரைக் கடித்துவிட்டான். வராந்தா மூலையில் காரை பெயர்ந்த இடத்தில் பல்லை வைத்து, ஒரு சாண் அகலத்துக்குச் சுண்ணாம்பைத் தின்றிருக்கிறான். முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கியும் வைத்திருக்கிறான். தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் பெனடிக்டா அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். எனக்கு முன்னால் ஒரு எருமைக்கு ஊசி போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே என் பேச்சைக் கேட்டார்.

"கடிக்க என்ன குடுக்குறீங்க?"

"ஒண்ணும் குடுக்கறதில்லைங்க. பாதுகாப்பா இருக்கட்டும்னு எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பல்லு மொளைக்கிற குட்டிக்கு ஈறு நமநமன்னு அரிக்கும். ஒண்ணும் குடுக்காட்டி அது சுவத்தையும் தின்னும், தன் காலையும் தின்னும். இது பாதுகாப்பா? ஜெயிலுங்க."

பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். துணியை நனைத்து முறுக்கி ஐஸில் வைத்துக் கொடுக்கலாம். கேரட்டை முழுசாகக் குளிர வைத்துக் கொடுக்கலாம். பொம்மை அவன் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழ வேண்டும். விழாவிட்டால் பல்லை உடைக்கும். கடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"பாத்துக்கிட்டே இருந்தாலும் சில சமயம் தொண்டைக்குப் போயிருங்களே?" என்று கேட்டேன்.

"போனா பதறாதீங்க. இருமுதான்னு பாருங்க. இருமுற வரைக்கும் காத்து போயிட்டு வருதுன்னு அர்த்தம். அதுவே வெளிய தள்ளிரும். நீங்க உள்ள ஒண்ணையும் குடுத்துத் தள்ளாதீங்க. மீன் முள்ளுக்குச் சோத்து உருண்ட முழுங்க வெப்பாங்களே, அந்த வேலையே வேண்டாம். மூச்சுக் குழாயப் பாதி அடைச்சது அதோட மொத்தமா அடைச்சிரும். இருமல் நின்னு மூச்சே இல்லைன்னாத்தான் பின்னங்காலத் தூக்கிப் புடிச்சு முதுகுல தட்டணும்."

"குழந்தைங்களுக்கும் இப்படித்தானுங்களா?"

"இருமுறதுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். நீங்க பக்கத்துல குழந்தை டாக்டர்கிட்டயும் கேட்டுக்கங்க. ஏன், வீட்ல குழந்தை இருக்குதா?"

இல்லை என்றேன்.

ஜூலை 23, ஞாயிறு

மொக்கை கேரட் தின்றான். நான் எதுவும் சாப்பிடவில்லை.

ஜூலை 28, வெள்ளி

முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அரிசி அளவுதான். முறுக்கிய துணியில் ரத்தப் பொட்டோடு ஒட்டியிருந்தது. மேடத்துக்குப் போட்டோ அனுப்பினேன். ஆறு இதயம் அனுப்பினார்.

இன்று மனது கொஞ்சம் தெளிவாக இருப்பதால் ஒரு விஷயத்தை எழுதி வைக்கிறேன். எழுதினால் தீரும் என்று பட்டறையில் ஒரு கணக்குப்பிள்ளை சொல்லுவார்.

இனியா வளர்மதியின் மூத்த குழந்தை. முதல் பிறந்தநாளுக்குத் தாய்மாமன் கொலுசு நான் போட்டேன். கடையில் வாங்கவில்லை. நானே இழை இழுத்து, நானே சலங்கை கோத்து, நானே பற்றவைத்தது. ஒரு மாதம் கழித்து ஒரு நாள் வளர்மதி குளிக்கப் போனாள். மாப்பிள்ளை மாதேஸ்வரன் வேலைக்குப் போயிருந்தார். குழந்தையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலைத் தூக்கி வாயில் வைத்துக் கொலுசைக் கடித்தாள். எல்லாக் குழந்தையும் செய்வதுதான். ஒரு சலங்கை கழன்று தொண்டைக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

பற்றவைப்பு சரியில்லை என்றார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஊரே அதை மென்றது. நான் மறுத்துப் பேசவில்லை. மறுநாளே பட்டறையை விட்டேன். அடுத்த மாதம் இங்கே வந்துவிட்டேன்.

அவ்வளவுதான் நடந்தது.

ஜூலை 29, சனி

அவ்வளவுதான் என்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கோடு போட்டு அடிக்கலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. வளர்மதி அனுப்பிய மெசேஜ்: "பத்திரிகை அடிச்சாச்சு. தாய்மாமன்னு உன் பேருதான் போட்டிருக்கு."

கேட்டைத் திறந்து ரோடு வரைக்கும் போனேன். சேலம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறுங்க என்றார். மொக்கை ஏறத் தயாராகத்தான் இருந்தான். நான்தான் அவன் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். நாயை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். கண்டக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மேடம் கூரையிலிருந்து பேசினார். "அந்தத் தோல் எலும்ப அவனுக்குக் குடுங்க தனசீலன். எத்தன நாள் கேரட்டே தின்னுவான், பாவம்."

"அது முடிச்சு கழன்று வந்துரும் மேடம்."

"நான் நாலு நாய் வளத்தவ. குடுங்க."

சோறு போடுகிறவர்கள் சொல்லும்போது எவ்வளவு நேரம் மறுப்பது? அலமாரி மேலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இருபது நிமிடம் நன்றாகக் கடித்தான். பிடுங்கலாம் என்று கையை நீட்டினேன். நான் பிடுங்கப் போகிறேன் என்று தெரிந்ததும் முடிச்சைக் கழற்றி அப்படியே விழுங்கப் பார்த்தான். தொண்டையில் நின்றுவிட்டது. இருமத் தொடங்கினான். உடம்பு முழுக்கக் குலுங்க, கண் பிதுங்க இருமினான்.

"ஏதாவது செய்ங்க! ஏதாவது செய்ங்க!" என்று கூரை கத்தியது.

நான் சமையலறைக்கு ஓடினேன். வாழைப்பழச் சீப்பு தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றைப் பிய்த்து, உரித்து, பாதி ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவன் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் என் கை நின்றது.

பழத்தைத் தூர எறிந்தேன். அவனை மடியில் போட்டுத் தலையைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். இருமட்டும். இருமட்டும். அந்த ஒன்றரை நிமிடத்தைப் போலக் கொடுமை எதுவும் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதைவிடக் கஷ்டமான வேலையை நான் பட்டறையில்கூடச் செய்ததில்லை. பிறகு கக்கினான். கொழகொழவென்று தோல் முடிச்சு என் காலில் விழுந்தது. மொக்கை அதை மறுபடி எடுத்துத் தின்னப் போனான். மானங்கெட்ட நாய்.

இப்போது எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். இனியாவும் இருமிக்கொண்டுதான் இருந்தாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் வர, நன்றாக இருமிக்கொண்டிருந்தாள். மீன் முள் சிக்கினால் எங்கள் வீட்டில் சோற்று உருண்டையோ வாழைப்பழமோ விழுங்க வைப்பார்கள். இறங்கிவிடும். எனக்கே நூறு முறை இறங்கியிருக்கிறது. நான் ஒரு துண்டுப் பழத்தை அவள் வாயில் வைத்து விரலால் உள்ளே தள்ளினேன். அதன் பிறகு இருமல் நின்றது. இறங்கிவிட்டது என்று நினைத்து நான் சிரித்தேன்.

சலங்கை கழன்றதை ஊரே பேசியது. பழத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது. வளர்மதி குளித்து வருவதற்குள் பழத்தோலை ஜன்னல் வழியே எறிந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

சாயங்காலம் கேட்டில் மணி அடித்தது. போய்ப் பார்த்தால் வளர்மதி. இடுப்பில் குழந்தை, தோளில் பை, நனைந்த குடை. தனியாக பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

வராந்தாவில் உட்கார வைத்தேன். மொக்கை குழந்தையின் காலை நக்கினான். குழந்தை அவன் காதைப் பிடித்து இழுத்தது. காலில் கொலுசு இல்லை, கையில் வளையல் இல்லை, இடுப்பில் கயிறுகூட இல்லை. காபி போட்டுக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

"கேமராவுல யாராவது கேப்பாங்களா?" என்றாள்.

"அங்க இந்நேரம் தூங்குவாங்க. என்ன வளரு?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன்ல சொல்ல முடியாது. சொன்னதுக்கப்புறம் நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

குழந்தையைத் தரையில் விட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இனியா போறதுக்கு ரெண்டு நாள் முந்தியே அந்தச் சலங்க தொங்கிக்கிட்டு இருந்துச்சுண்ணா. வளையம் வாயத் தொறந்திருச்சு. நான் பாத்தேன்."

குழந்தையின் கைக்கு எட்டாமல் காபி டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

"உன்கிட்டக் குடுத்தா அஞ்சு நிமிசத்துல பத்த வெச்சிருப்ப. ஆனா எங்க மாமியா பாத்தா, மாமன் செஞ்ச கொலுசு ஒரு மாசம்கூடத் தாங்கலையான்னு கேப்பாங்க. நீ அந்தக் கொலுச எவ்ளோ பெருமையாப் போட்டுவிட்ட! உனக்குக் கொறச்சலா ஆயிருமேன்னு, வளையத்தப் பல்லால கடிச்சு மூடிவிட்டேன். பல்லால, அண்ணா. நல்லா மூடிருச்சுன்னு நெனச்சேன்."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"அன்னைக்குச் சொல்லியிருந்தா என்னை அந்த வீட்டுல வெச்சிருப்பாங்களா? ஒருத்தரும் என்னைக் கேக்கல. எல்லாரும் உன்னையே பேசுனாங்க. நான் வாயத் தொறக்கல. நீயும் ஒண்ணும் பேசாம போயிட்ட."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. எழுந்து நின்று கத்தினேன். "நாலு வருசம் வளரு! நாலு வருசமா நான் பட்டறை சாமான் எதையும் தொடல. என் கைவேலையே சரியில்லைன்னு நானே நம்பிட்டேன். நூறு இழுப்பு இழுத்துப் பாத்துத்தான் போட்டேன் அந்தக் கொலுச! கொலைகாரன்னு கூப்பிட்டாங்க என்னை. நீ கேட்டுக்கிட்டு நின்ன!"

குழந்தை பயந்து அவள் முந்தானையில் முகத்தைப் புதைத்தது. வளர்மதி அழவில்லை. "ஆமா, நின்னேன்" என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, குடையை விரித்து, படி இறங்கிப் போய்விட்டாள்.

நான் கேட் வரைக்கும்கூடப் போகவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

கோபம்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

இன்னும் கோபம். ரேடியோவில் கொடியேற்றம். மொக்கைக்குக் கடைவாய்ப்பல் ஒன்று விழுந்தது. விழுங்கிவிட்டான் போல, கிடைக்கவில்லை. பல்லை விழுங்கினால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் அம்மா சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 16, புதன்

காலையிலிருந்து ஒரே யோசனை. அவள் ஒன்றை மறைத்தாள். நான் ஒன்றை மறைத்தேன். அவள் பஸ் பிடித்து, மழையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, என் முன்னால் உட்கார்ந்து சொன்னாள். நான் அவளைப் பார்த்துக் கத்தினேன். கத்தும்போதே என் பழம் எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்துகொண்டேதான் கத்தினேன்.

கத்தக் கிடைத்த அந்த வாய்ப்பு எனக்கு இனித்தது என்பதுதான் வெட்கம். நாலு வருடத்தில் முதல் தடவையாக இன்னொருத்தர் மேல் பழி.

ஆகஸ்ட் 18, வெள்ளி

மேடத்திடம் இரண்டு நாள் விடுப்பு கேட்டேன்.

"மோக்காவ யாரு பாக்கறது? அவன் இப்ப ரொம்ப சென்சிட்டிவ் ஸ்டேஜ்ல இருக்கான்."

"அவனும் என்கூட வர்றான் மேடம்."

"சேலத்துக்கா? அந்தக் கூட்டத்துக்கா? நோ தனசீலன். வேலையில இருக்கணும்னு இஷ்டம் இல்லையா உங்களுக்கு?"

கேமராவைப் பார்த்துக் கும்பிட்டேன். "இஷ்டம் இருக்குதுங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்துருவோம். வந்ததும் நீங்க என்ன சொல்றீங்களோ கேட்டுக்கறேன்" என்று சொன்னேன். பிளக்கைப் பிடுங்கவில்லை. போவதை அவர் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு. அம்மாப்பேட்டை, மத்தியானம்

பால் வேனில் வந்தோம். இருபது வளைவிலும் மொக்கை வாந்தி எடுத்தான். டிரைவர் என் பரம்பரையையே திட்டினார். தெருமுனையில் இறங்கியபோது என் கால் நகரவில்லை. மொக்கைதான் சாம்பார் வாசனைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான்.

மாடியில் பந்தல். மாதேஸ்வரன் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். பிறகு, "வாங்க மச்சான்" என்றார். அவருடைய அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணிவேல் பட்டு வேட்டி கட்டி மணைக்குப் பக்கத்தில் தயாராக நின்றுகொண்டிருந்தான். பெண்கள் பேசுவது நின்று, மறுபடி தொடங்கியது.

வளர்மதியை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். கையில் ஆரத்தித் தட்டோடு வந்தாள்.

"அவ இருமிக்கிட்டு இருந்தா வளரு" என்றேன். "சலங்க உள்ள போனதுக்கப்புறமும் நல்லா இருமிக்கிட்டுத்தான் இருந்தா. விட்டிருந்தா வெளிய வந்திருக்கும். நான் வாழப்பழத்தக் குடுத்து உள்ள தள்ளுனேன். அதுக்கப்புறம்தான் நின்னுச்சு. இத யார்கிட்டயும் சொல்லல. அன்னைக்கு நீ வந்து சொன்னப்பக்கூடச் சொல்லல."

தட்டில் இருந்த சூடம் அணைந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"எத்தன துண்டு?" என்றாள்.

"ஒண்ணு."

தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று தெரியவில்லை. தட்டைத் தொட்டி மேலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

பந்தலில் காது குத்தும் பத்தர் கம்பியைத் தேய்த்துக்கொண்டே, "மாமன் எங்கப்பா? நேரமாச்சு" என்று கூப்பிட்டார். மணிவேல் என்னைப் பார்த்தான். நான் உட்காரு என்று அவனுக்குச் சைகை காட்டினேன். அவன் வேட்டியை மடித்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தான். அதுதான் நியாயம். மொக்கையை அவிழ்த்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

வளர்மதி குழந்தையோடு மேலே வந்தாள். முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது. நேராக மணைக்குப் போய், "எந்திரி மணி" என்றாள். அவன் எழுந்தான். எல்லாரும் பார்க்க அவள் என் பக்கம் திரும்பி நின்றாள். கூப்பிடவில்லை. நின்றாள், அவ்வளவுதான்.

நான் போய் உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தாள். பத்து கிலோ இருக்கும். சந்தனமும் மொட்டையடித்த தலையும் பால் வாசனையும்.

"கெட்டியாப் புடிச்சுக்க" என்றாள். இன்னும் வேறெதுவும் அவள் என்னிடம் பேசவில்லை. மன்னித்தாளா என்று தெரியாது. நான் அவளை மன்னித்தேனா என்றும் சரியாகத் தெரியாது.

இரண்டு கையாலும் தலையைப் பிடித்தேன். பத்தர் கம்பியை ஏற்றினார். சாதனா மூச்சை உள்ளே இழுத்தாள். இழுத்தபடியே நின்றாள், வாய் திறந்து, சத்தம் இல்லாமல். என் உயிர் போய்விட்டது. பிறகு தெருக்கோடி வரை கேட்கும்படி வீறிட்டாள். முகம் சிவக்க, கால் உதைக்க, என் சட்டையெல்லாம் எச்சிலாக அழுதாள். மூச்சடைத்த குழந்தைக்கு அழ வராது. இவளுக்கு வந்தது.

"அழு சாமி" என்றேன். "நல்லா அழு. இன்னும் அழு."

குழந்தையை அழச் சொல்கிற மாமனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பத்தர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. வளர்மதி சிரிக்கவில்லை. என் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, அவளும் சேர்ந்து அழுதாள்.